மேகநாத் சாகா: பந்தியில் இடம் மறுக்கப்பட்டவர் கேட்ட அணு ஆய்வகம்

இயற்பியல் முதுகலை மாணவர்களுக்குச் சாகா சமன்பாடு என்பது ஒரு தேர்வுக் கேள்வி. விண்மீனின் வெப்பநிலையையும் அதன் ஒளியில் தென்படும் கோடுகளையும் இணைக்கும் அந்தச் சமன்பாட்டைத் தருவித்துக் காட்டி, மதிப்பெண் வாங்கிக்கொண்டு, அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். சேலத்திலும் நாமக்கல்லிலும் அரசுக் கல்லூரி வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் பலர் தறிப்பட்டறை, வெள்ளிப் பட்டறை, கோழிப்பண்ணை, லாரிப் பட்டறை, விவசாயக் கூலி என உழைக்கும் குடும்பங்களிலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். சமன்பாட்டுக்குத் தன் பெயரைத் தந்தவரும் அப்படி வந்தவர்தான் என்பதைப் பாடநூல் சொல்வதில்லை. அதை எழுதியபோது அவருக்கு வயது இருபத்தாறு. எஞ்சிய வாழ்நாளில் அவர் செய்த இன்னொரு வேலை அதைவிடக் குறைவாகவே பேசப்படுகிறது. இந்தியாவின் முதல் சைக்ளோட்ரானை, அதாவது அணுக்கருவை உடைத்து அளக்கவும் கதிரியக்க ஐசோடோப்புகளை ஆக்கவும் பயன்படும் துகள் முடுக்கியை, ஒரு பல்கலைக்கழகத்துக்குள் நிறுவ அவர் முயன்றார். பல்கலைக்கழகத்துக்குள் என்ற சொல்லில்தான் அவருடைய வாழ்க்கையின் பெரும் வழக்கு அடங்கியிருக்கிறது.

மேகநாத் சாகா 1893 அக்டோபர் 6 அன்று டாக்கா மாவட்டத்தின் சியோராதலி கிராமத்தில் பிறந்தார். அது இன்றைய வங்கதேசத்தில் இருக்கிறது. தந்தை ஜகந்நாத் சாகா சிறு மளிகைக்கடை வைத்திருந்தார். தாய் புவனேசுவரி. எட்டுப் பிள்ளைகளில் ஐந்தாமவர். கடையில் உட்காரும் வயது வந்ததும் உட்கார வேண்டும் என்பதே வீட்டின் கணக்கு. படிப்பு அந்தக் கணக்கில் இல்லை.

சாதியைப் பற்றி இங்கே துல்லியமாகப் பேச வேண்டும், ஏனெனில் சாகாவைத் தலித் அறிவியலாளர் என்று சுருக்கமாக எழுதிவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. சாகாக்கள் மரபாகக் கள், சாராயம் விற்ற சுன்ரி சாதியிலிருந்து வணிகத்துக்கு நகர்ந்த பிரிவினர். வங்காளத்து மேல்சாதியினர் இச்சாதியினர் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை. மேற்கு வங்கத்தின் இன்றைய பட்டியல் சாதிகளின் வரிசையில் சுன்ரி என்ற பெயர் இருக்கிறது. ஆனால் சாகாக்கள் நீங்கலாக என்ற குறிப்போடு இருக்கிறது. ஆகவே அரசாணையின் கண்ணில் அவர் பட்டியல் சாதியினர் அல்லர். ஆனால் அவர் வாழ்நாளில் அவரோடு உண்ண மறுத்தவர்கள் யாரும் அரசாணையைப் பார்த்து மறுக்கவில்லை. இந்த இரண்டையும் ஒருசேர நினைவில் வைத்துக்கொண்டு படித்தால்தான் அவருடைய வாழ்க்கை சரியாகப் புலப்படும்.

கிராமத்தில் தொடக்கப்பள்ளி மட்டுமே இருந்தது. அடுத்த பள்ளி சிமுலியாவில், ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில். அங்கே அனந்த குமார் தாஸ் என்ற மருத்துவர் தம் வீட்டில் தங்க இடமும் உணவும் தந்தார். நிபந்தனை இரண்டு: மாட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும்; உண்ட தட்டைத் தானே கழுவி வைக்க வேண்டும். தட்டுக் கழுவுவது வேலைப் பங்கீடு அல்ல, சாதிக் கட்டுப்பாடு. அந்த மருத்துவரின் கருணையை வாழ்க்கை வரலாறுகள் பாராட்டுகின்றன, பாராட்டத்தான் வேண்டும். கருணையும் தீண்டாமையும் ஒரே வீட்டில், ஒரே தட்டில் எப்படிக் குடியிருக்கும் என்பதை நம் ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

மாவட்டத்திலேயே முதலாவதாகத் தேறி, மாதம் 4 ரூபாய் உதவித்தொகையோடு 1905இல் டாக்கா கல்லூரிப் பள்ளியில் சேர்ந்தார். அண்ணன் ஜெயநாத் சணல் நிறுவனத்தில் வாங்கிய 20 ரூபாய்ச் சம்பளத்தில் மாதம் 5 ரூபாய் அனுப்பினார். ஒரு வைசிய சங்கம் 2 ரூபாய் தந்தது. ஆக மொத்தம் 11 ரூபாய். அந்த ஆண்டுதான் கர்சன் வங்காளத்தைப் பிரித்தார். ஆளுநர் பம்பில்டு புல்லர் வருகையை எதிர்த்த மாணவர்களோடு சாகாவும் வெளியேற்றப்பட்டார். வெறுங்காலோடு வந்தது ஆளுநருக்குச் செய்த அவமதிப்பாகக் கொள்ளப்பட்டது என்றும், செருப்பு வாங்கக் காசில்லாததால்தான் அவர் எந்நாளும் வெறுங்காலோடு வந்தார் என்றும் சொல்வார்கள். எப்படியாயினும் உதவித்தொகை பறிபோனது. 4 ரூபாய் போனால் படிப்பு போகும் என்ற நிலையில் இருந்த மாணவரிடமிருந்து அது பறிக்கப்பட்டது. கிசோரிலால் ஜூபிலி பள்ளி அவரைக் கட்டணமின்றிச் சேர்த்துக்கொண்டதால் படிப்பு நின்றுவிடவில்லை.

1911இல் கல்கத்தா மாநிலக் கல்லூரிக்கு வந்தார். சத்தியேந்திரநாத் போஸ் வகுப்புத் தோழர். பிரபுல்ல சந்திர ராயும் ஜகதீச சந்திர போசும் ஆசிரியர்கள். இந்தியாவின் மிகச் சிறந்த வகுப்பறை அதுவாகத்தான் இருந்திருக்கும். அவர் தங்கிய ஈடன் இந்து விடுதியோ வேறு உலகம். மேல்சாதி மாணவர்கள் அவரோடு ஒரே கூடத்தில் உண்ண மறுத்தார்கள். சரசுவதி பூசையில் மேடையருகே அவர் சென்று மலரிடுவதற்கும் எதிர்ப்பு எழுந்தது. கல்விக் கடவுளின் முன்னால் கல்வியில் முதல் வரிசையில் நின்றவரை விலக்கினார்கள். அவர் விடுதியை விட்டு வெளியேறினார். உடன் சில நண்பர்களும் வெளியேறினார்கள் என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

தமிழ்நாட்டில் இதற்குப் பத்தாண்டுகளுக்குப் பின் இதே பந்திப் பிரச்சினை அரசியலையே புரட்டிப்போட்டது. சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனச் சிறுவர்களுக்குத் தனிப்பந்தி என்ற செய்தி 1924-25இல் வெடித்தபோது, அதைக் காங்கிரசுக்குள் வழக்காக்கியவர் இன்றைய நாமக்கல் மாவட்டத்து இராசிபுரத்தில் பிறந்த வரதராசுலு நாயுடு. அவரோடு நின்றவர் ஈரோட்டுப் பெரியார். வங்காளத்தில் ஈடன் விடுதிக்கு அப்படியொரு இயக்கம் வாய்க்கவில்லை. ஒரு மாணவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனதோடு அது முடிந்தது. அவமானம் ஒரு தனிமனிதரின் நினைவாகவே தங்கிவிட்டது. சாகாவின் பிற்காலக் கோபங்களை அவருடைய சுபாவம் என்று எழுதுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

அவருக்குக் குடும்பம் வைத்த பெயர் மேகநாத் அல்ல, மேகங்களின் தலைவனைக் குறிக்கும் மேக்நாத் என்று வேறு எழுத்தில் முடியும் பெயர் என்பதும், அதை அவரே இராவணன் மகன் இந்திரசித்தின் பெயராக மாற்றிக்கொண்டார் என்பதும் வாழ்க்கை வரலாற்றாளர்கள் தரும் செய்தி. தமிழில் இரண்டும் ஒரே எழுத்தில் முடிவதால் இந்த வேறுபாடு நம் காதில் விழாது. ஆனால் தேவர்களின் அரசனை வென்றவனின் பெயரை ஒரு மாணவர் தேர்ந்துகொண்டதன் பொருளை இராவணனை வேறு கண்ணால் பார்க்கப் பழகிய தமிழ் வாசகர் எளிதில் உணர்வார்.

புரட்சியாளர்களோடு தொடர்பு இருந்தது என்ற ஐயத்தால் நிதித்துறைப் பணித்தேர்வு எழுத அரசு அவரை அனுமதிக்கவில்லை. நமக்கு அது நற்பேறு. 1916இல் ஆசுதோஷ் முகர்ஜி அவரைப் புதிய அறிவியல் கல்லூரியில் விரிவுரையாளராக்கினார். ஆய்வகம் என்று சொல்லத்தக்க எதுவும் அங்கே இல்லை. செருமன் மொழி கற்று, போசோடு சேர்ந்து ஐன்ஸ்டைனின் சார்பியல் கட்டுரைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அந்நூல் 1920இல் வெளிவந்தது. 1917இல் அமெரிக்க வானியற்பியல் இதழுக்கு அனுப்பிய கட்டுரை, அச்சுச் செலவில் ஒரு பகுதியைக் கட்டுரையாளர் ஏற்க வேண்டும் என்ற பதிலோடு தேங்கி நின்றது. அவரிடம் பணம் இல்லை. கட்டுரை உள்ளூர்ப் பல்கலைக்கழக இதழில், யார் கண்ணிலும் படாமல் வெளியானது. இன்று கட்டுரை வெளியீட்டுக் கட்டணமாக ஆயிரக்கணக்கான டாலர் கேட்கும் இதழ்களின் முன் நிற்கும் ஆய்வு மாணவர்களுக்கு இது பழங்கதையாகத் தோன்றாது.

1920இல் அயனியாக்கச் சமன்பாடு வெளியானது. விண்மீன்களின் ஒளியில் சில தனிமங்களின் கோடுகள் தெரிவதும் சில தெரியாததும் அங்கே அந்தத் தனிமம் இருப்பதாலோ இல்லாததாலோ மட்டுமல்ல. வெப்பநிலையும் அழுத்தமும் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களை எந்த அளவுக்கு உரித்தெடுத்திருக்கின்றன என்பதைப் பொறுத்தது. ஏட்டில் எழுதிய ஒரு சமன்பாடு விண்மீன்களுக்கு வெப்பமானி ஆயிற்று. 1927இல் அரச கழகம் அவரை உறுப்பினராக்கியது. நோபல் பரிசுக்குப் பலமுறை முன்மொழியப்பட்டார், கிடைக்கவில்லை. 1923 முதல் 1938 வரை அலகாபாத் பல்கலைக்கழகத்தில் இருந்த பதினைந்து ஆண்டுகளில், சொந்தச் சமன்பாட்டைச் சோதித்துப் பார்க்கத் தக்க கருவிகளுக்காகவே அவர் போராட வேண்டியிருந்தது. கருவி இல்லாத மூளை எவ்வளவு தூரம் போகும், எங்கே நின்றுபோகும் என்பதை இந்தியாவில் அவரைவிட நன்றாக அறிந்தவர் எவருமில்லை.

அக்காலத்தில்தான் இயற்பியலின் மையம் அணுவின் புறத்திலிருந்து அணுக்கருவுக்கு நகர்ந்தது. 1936இல் கார்னகி நிதியுதவியோடு பயணம் சென்ற சாகா, கலிபோர்னியாவின் பெர்க்லியில் எர்னஸ்ட் லாரன்சின் ஆய்வகத்தைப் பார்த்தார். அங்கே சைக்ளோட்ரான் ஓடிக்கொண்டிருந்தது. அதன் தத்துவம் தூரி ஆட்டுவதுதான். தூரியை ஒரே மூச்சில் உயரத் தூக்கிவிட முடியாது. ஒவ்வொரு முறை அது திரும்பி வரும்போதும் சரியான நேரத்தில் சிறிது தள்ளினால் போதும், உயரம் தானாகச் சேரும். சைக்ளோட்ரானில் பெரிய மின்காந்தம் ஒன்று புரோட்டான்களை வட்டமாக வளைக்கிறது. வட்டத்தின் இரு பாதிகளாக இரண்டு உள்ளீடற்ற உலோகப் பெட்டிகள். புரோட்டான் ஒரு பெட்டியிலிருந்து மற்றதற்குத் தாண்டும் ஒவ்வொரு முறையும் மின்னழுத்தம் அதை ஒரு தள்ளு தள்ளுகிறது. வேகம் கூடக்கூட வட்டம் விரிகிறது; ஆனால் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் மாறுவதில்லை. கடைசியில் விளிம்புக்கு வரும் கற்றை ஓர் இலக்கில் மோதுகிறது. மோதிய அணுக்கரு வேறொரு தனிமமாகவோ, அதே தனிமத்தின் நிலையற்ற ஐசோடோப்பாகவோ மாறுகிறது.

பெர்க்லியின் சைக்ளோட்ரானில் கற்றை பட்டுப் பழசான ஒரு மாலிப்டினத் தகட்டை இத்தாலிக்கு அனுப்பியபோது, அதில் 1937இல் டெக்னீசியம் கண்டறியப்பட்டது. மனிதர் செயற்கையாக ஆக்கிய முதல் தனிமம். அதன் ஐசோடோப்பு ஒன்றுதான் இன்று உலகெங்கும் எலும்பு, இதய ஆய்வுகளுக்கு மருத்துவமனைகளில் ஊசி வழியே செலுத்தப்படுகிறது. தைராய்டு நோய்க்குப் பயன்படும் அயோடின்-131உம் 1938இல் பெர்க்லியில்தான் கண்டறியப்பட்டது. சாகா பார்த்தது போருக்கான எந்திரத்தை அல்ல. அணுகுண்டு அப்போது யாருக்கும் கனவிலும் இல்லை. அளக்கவும் ஆக்கவும் வல்ல ஒரு கருவியை அவர் பார்த்தார்.

1938இல் கல்கத்தாவுக்குப் பாலித் பேராசிரியராகத் திரும்பியவர், தம் மாணவர் பசந்தி துலால் நாக் சௌதுரியை லாரன்சிடம் அனுப்பினார். முதுகலைப் பாடத்திட்டத்தில் 1940இல் அணுக்கரு இயற்பியலைச் சேர்த்தார். பிற இந்தியப் பல்கலைக்கழகங்கள் அதை எண்ணிப் பார்க்காத காலம் அது. காங்கிரசின் தேசியத் திட்டக் குழுவில் பழகிய நேருவின் பரிந்துரை உதவ, டாட்டா அறக்கட்டளை 60,000 ரூபாய் தந்தது. நாக் சௌதுரி 1941இல் காந்தத்தின் பாகங்களோடு திரும்பினார். வெற்றிட பம்புகளை ஏற்றிவந்த கப்பல் போரில் மூழ்கடிக்கப்பட்டது. காந்தம் இருக்கிறது, காற்றை வெளியேற்ற பம்பு இல்லை. வெற்றிடம் இல்லாத சைக்ளோட்ரானில் புரோட்டான் முதல் சுற்றிலேயே காற்று மூலக்கூறுகளில் முட்டிச் சிதறும். கல்கத்தாவின் பட்டறைகளில் பம்பு செய்து பார்த்தார்கள். ஆண்டுகள் ஓடின.

அந்த எந்திரத்தில் அளவீடு என்றால் என்ன என்பதைச் சொல்லிவிட்டு மேலே போவது நல்லது. ஓர் உலோகத்தின் மெல்லிய தகடுகளை ஒன்றின்பின் ஒன்றாக அடுக்கிக் கற்றையின் முன் வைக்கிறார்கள். புரோட்டானோ ஆல்பாத் துகளோ ஒவ்வொரு தகட்டையும் கடக்கும்போது சிறிது ஆற்றலை இழப்பதால், ஒவ்வொரு தகடும் வெவ்வேறு ஆற்றலுக்கு ஆளாகிறது. சில மணி நேரம் கழித்து அடுக்கைப் பிரித்துத் தகடுகளைத் தனித்தனியே காமாக் கதிர் உணர்கருவியின் முன் வைக்கிறார்கள். ஒவ்வொரு ஐசோடோப்பும் தனக்கே உரிய ஆற்றலில் காமாக் கதிரை உமிழும். தனக்கே உரிய அரை ஆயுளில் தேயும். எத்தனை கதிர்கள் எண்ணப்பட்டன என்பதிலிருந்து எத்தனை அணுக்கருக்கள் மாறின என்று பின்னோக்கிக் கணக்கிட்டால், குறிப்பிட்ட ஆற்றலில் அந்த வினை நிகழும் வாய்ப்பு கிடைக்கிறது. அந்த வாய்ப்பை ஒரு பரப்பளவாகச் சொல்வது வழக்கம். அதற்கு வினைக் குறுக்குவெட்டு என்று பெயர், பார்ன் என்று அலகு. ஒரு சதுர சென்டிமீட்டரை, ஒன்றுக்குப் பின் 24 சுழியங்கள் இட்ட எண்ணால் வகுத்தால் ஒரு பார்ன். ஆங்கிலத்தில் அச்சொல் தானியக் களஞ்சியத்தைக் குறிக்கும். யுரேனியம் அணுக்கரு களஞ்சியம் அளவுக்குப் பெரிதாக இருக்கிறதே என்று அமெரிக்க இயற்பியலாளர்கள் வேடிக்கையாக வைத்த பெயர் நிலைத்துவிட்டது.

வறட்டுக் கணக்காகத் தோன்றும் இந்த எண்கள் இல்லாமல் மருத்துவ ஐசோடோப்பு இல்லை. இதய நோய்க்கான தாலியம்-201ஐ ஆக்கும்போது கற்றையின் ஆற்றல் சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் வேண்டாத ஐசோடோப்புகள் கலந்து நோயாளியின் உடலில் வீண் கதிர்வீச்சை ஏற்றும். எந்த ஆற்றலில் நிறுத்துவது என்பதைக் குறுக்குவெட்டு வளைகோடுதான் சொல்கிறது. புற்றுநோய் எங்கே பரவியிருக்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேனுக்கான புளோரின்-18இன் கதை இன்னும் கூர்மையானது. ஆக்சிசன்-18 செறிந்த நீரில் புரோட்டானை மோதி அதை ஆக்குகிறார்கள். அதன் அரை ஆயுள் 110 நிமிடம். நான்கு மணி நேரத் தொலைவில் உள்ள பெருநகரத்தில் ஆக்கப்பட்டு வண்டியில் சேலம் வந்து சேரும்போது, ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகவே அது மிஞ்சியிருக்கும். கொல்லிமலை அடிவாரத்துக் கிராமத்திலிருந்து வரும் ஒரு புற்றுநோயாளிக்கு, சைக்ளோட்ரான் எந்த ஊரில் இருக்கிறது என்பது இயற்பியல் கேள்வி மட்டுமல்ல. கருவி எங்கே வைக்கப்படுகிறது, யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியில் சாகா ஏன் அவ்வளவு பிடிவாதமாக நின்றார் என்பது இப்படிப் பார்த்தால் விளங்கும்.

விடுதலைக்குப் பின் அந்தக் கேள்வி அவருக்கு எதிராகத் தீர்க்கப்பட்டது. 1948இல் அணுசக்திச் சட்டம் வந்தது. ஆகஸ்டில் அணுசக்தி ஆணையம் அமைந்தது. ஹோமி பாபா தலைவர்; கே. எஸ். கிருஷ்ணனும் சாந்தி சுவரூப் பட்நாகரும் உறுப்பினர்கள். நாட்டில் அணுக்கரு இயற்பியலை முதலில் பாடமாக்கியவருக்கு அதில் இடமில்லை. முதலில் பல்கலைக்கழகங்களில் ஆட்களைப் பயிற்றுவிக்க வேண்டும், அதன்பின் ஆணையம் அமைக்கலாம் என்பது சாகாவின் நிலைப்பாடு. அணு ஆய்வைத் தனி வளாகங்களில், தலைமை அமைச்சரின் நேரடிப் பொறுப்பில், இரகசியக் காப்போடு நடத்துவது பாபாவின் வழி. பாபாவின் அத்தை டாட்டா குடும்பத்து மருமகள். 1945இல் டாட்டா அறக்கட்டளையின் துணையோடு பாபா தொடங்கிய அடிப்படை ஆராய்ச்சி நிலையம் விரைவில் வளர்ந்தது. மளிகைக்கடைக்காரர் மகனுக்கு அத்தகைய உறவுகள் இல்லை.

இதைச் சாதிச் சதி என்று ஒற்றை வரியில் எழுதினால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் அது முழு உண்மையாகாது. பாபா பார்சி, இந்துச் சாதி அடுக்குக்குள் வராதவர். சாகாவும் எளிதில் இணங்கிப் போகிறவர் அல்லர். ராமனோடும் மோதினார், பட்நாகரோடும் மோதினார். அவருடைய சைக்ளோட்ரான் பத்தாண்டுகளுக்கும் மேல் இழுத்தடித்தது என்பதும், அவர் உயிரோடிருந்தவரை சொல்லத்தக்க ஆய்வு எதையும் தரவில்லை என்பதும் அவருக்கு எதிரான வாதங்கள்தாம். ஆயினும் ஒன்று மிஞ்சுகிறது. யாருடைய தாமதம் பொறுத்துக்கொள்ளப்பட்டது, யாருடைய தாமதம் திறமையின்மையாகக் குறிக்கப்பட்டது என்பதைப் பிறப்பும் பழக்கமும் நடையுடையும் தீர்மானித்தன. ஆய்வாளர் ஆபா சூர் இந்திய அறிவியலில் சாதியும் பாலினமும் பற்றி எழுதிய நூலில் சாகாவை மையமான மனிதராக எடுத்துக்கொண்டது தற்செயலல்ல.

அவர் ஓயவில்லை. கல்கத்தா அறிவியல் கல்லூரியை ஒட்டி அணுக்கரு இயற்பியல் நிலையத்தை எழுப்பினார்; 1950 சனவரி 11 அன்று ஐரின் ஜோலியோ கியூரி அதைத் திறந்துவைத்தார். 1952இல் காங்கிரசை எதிர்த்து, இடதுசாரிகளின் ஆதரவோடு கல்கத்தா வடமேற்குத் தொகுதியில் நின்று மக்களவைக்குச் சென்றார். அதே தேர்தலில் அம்பேத்கர் பம்பாயில் தோற்று, மாநிலங்களவை வழியாக நாடாளுமன்றம் வந்தார். இருவரும் ஏற்கெனவே ஒரே ஆற்றின் கரையில் சந்தித்த சிந்தனைகள். காவிரியின் வெள்ளத்தை 1934இல் மேட்டூரில் அணை கட்டித் தேக்கியதைச் சேலம் மாவட்டத்தினர் அறிவோம். தாமோதர் ஆற்றுக்கு அணையும் மின்சாரமும் பாசனமும் இணைந்த முழுப் பள்ளத்தாக்குத் திட்டம் வேண்டும் என்று பல ஆண்டுகள் எழுதி, 1943 வெள்ளத்துக்குப் பின் அமைந்த விசாரணைக் குழுவில் உறுப்பினராக இருந்தவர் சாகா. அத்திட்டத்தை வைசிராய் அவையின் தொழிலாளர் உறுப்பினராக அரசுக் கொள்கையாக்கி முன்னெடுத்தவர் அம்பேத்கர். இந்தியப் பொறியியலின் அந்தப் பெரும் பக்கத்தில் இவ்விருவர் கையெழுத்தும் இருப்பதை நம் பாடநூல்கள் ஒருசேரச் சொல்வதில்லை.

மக்களவையில் கிழக்கு வங்க அகதிகளுக்காகப் பேசினார். 1954 மே மாதம் அணு ஆற்றலின் அமைதிப் பயன்கள் பற்றிய விவாதத்தை எழுப்பி, அணுசக்தித் துறையின் இரகசியத்தையும் பல்கலைக்கழகங்கள் ஒதுக்கப்பட்டதையும் நேருவின் முன்னிலையிலேயே கேள்வி கேட்டார். எல்லாம் வேதத்திலேயே இருக்கிறது என்போருக்கு 1930களின் இறுதியில் அவர் வங்க மொழியில் எழுதிய மறுப்புகள் கூர்மையானவை; வேதங்களைப் படித்துவிட்டு எழுதிய மறுப்புகள் என்பதால் எதிர்த்தரப்பு தடுமாறியது. நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவின் தலைவராக, முப்பதுக்கும் மேற்பட்ட பஞ்சாங்கங்களின் குழப்பத்துக்கு நடுவே வானியல் கணக்கில் நிற்கும் தேசிய நாட்காட்டி ஒன்றை வகுத்தார். அது 1957 மார்ச் 22 அன்று நடப்புக்கு வந்தபோது அவர் இல்லை. 1956 பிப்ரவரி 16 அன்று தில்லியில் திட்டக் குழு அலுவலகத்துக்குச் செல்லும் வழியில் மாரடைப்பால் வீழ்ந்து இறந்தார். அதே ஆண்டு திசம்பரில் அம்பேத்கரும் போனார்.

அவர் நிறுவிய நிலையத்துக்கு அவர் பெயரையே சூட்டினார்கள். சைக்ளோட்ரான்களும் வளர்ந்தன. கல்கத்தாவில் மாறும் ஆற்றல் சைக்ளோட்ரான் மையத்தின் எந்திரம் 1977இல் முதல் கற்றையைத் தந்தது. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம் போன்ற இடங்களிலிருந்து வந்த குழுக்கள் அதில் அடுக்குத் தகடு முறையில் பல வினைக் குறுக்குவெட்டுகளை அளந்திருக்கின்றன. 2018இல் அதே நகரில் 30 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள மருத்துவ சைக்ளோட்ரான் இயங்கத் தொடங்கியது. தில்லியில் பல்கலைக்கழக மானியக் குழுவின் கீழ் 1984இல் தொடங்கப்பட்ட நிலையம், இன்று பல்கலைக்கழகங்களுக்கிடையிலான முடுக்கி மையம் என்ற பெயரோடு, நாட்டின் பல்கலைக்கழக, கல்லூரி ஆய்வாளர்களுக்குக் கற்றை நேரம் ஒதுக்குகிறது. சாகா கேட்டதற்கு மிக அருகில் வருவது அதுதான். சேலத்தில் படிக்கும் ஒரு மாணவி தன் ஆசிரியர் வழியாக விண்ணப்பித்து, தகடுகளை எடுத்துக்கொண்டு அங்கே போக முடியும். முடுக்கி சொந்தமாக வேண்டியதில்லை. உழைப்பும் பயிற்சியும் ஒரு நல்ல உணர்கருவியும் போதும். இதை நம் கல்லூரி இயற்பியல் துறைகள் மாணவர்களுக்கு இன்னும் உரக்கச் சொல்லலாம்.

மற்ற வாசல்களின் நிலை வேறு. மத்தியக் கல்வி நிறுவனங்களில் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட மாணவர் சேர்க்கைக்கு இடஒதுக்கீடு அளிக்கும் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, உயர்சிறப்பு நிறுவனங்கள், ஆய்வு நிறுவனங்கள், தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவை என்று சிலவற்றுக்கு விலக்களிக்கிறது. விலக்குப் பெற்றவற்றின் பெயர்கள் சட்டத்தின் இறுதியில் அட்டவணையாக இருக்கின்றன. முதல் வரிசையில் ஹோமி பாபா தேசிய நிறுவனம். அதன் உறுப்புகளாகக் கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், சென்னையின் கணித அறிவியல் நிறுவனம், கல்கத்தாவின் மாறும் ஆற்றல் சைக்ளோட்ரான் மையம். அடுத்தடுத்த வரிகளுள் ஒன்றில் சாகா அணுக்கரு இயற்பியல் நிலையம்.

ஈடன் விடுதியின் பந்தியில் இடம் மறுக்கப்பட்டவரின் பெயர் தாங்கிய நிலையம், இடம் அளிக்கக் கட்டாயமில்லாதவற்றின் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. சிறப்பும் இடஒதுக்கீடும் ஒன்றாக வாழாது என்ற எண்ணமே அந்தப் பட்டியலின் அடித்தளம். மாதம் 11 ரூபாயில் படித்துச் சிறந்தவரின் பெயரை அந்த எண்ணத்துக்குச் சான்றாக நிறுத்துவது எந்த நியாயத்தில் சேரும்? அணு ஆய்வு பல்கலைக்கழகத்தைவிட்டு வெளியே போனால் யாருக்கு எட்டாமல் போகும் என்று அவர் அஞ்சினாரோ, அவர்களே அந்த விலக்கின் சுமையை ஏற்றவர்கள்.

இதை மாற்றப் புதிய சட்டம் இயற்ற வேண்டியதில்லை. தேவை எழும்போது அரசிதழ் அறிவிக்கை மூலம் அட்டவணையைத் திருத்தும் அதிகாரத்தை அதே 4ஆம் பிரிவு மத்திய அரசுக்கு வழங்கியிருக்கிறது.